ஏழு இலை, மூன்று டம்ளர் தண்ணீர்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கியதும் அந்த வாசனை எழும்பியது. மழையில் நனைந்து, பிறகு வெயிலில் பாதி காய்ந்த வைக்கோலின் வாசனை. அவர் முகர்ந்து பார்த்து, "டீத்தூளா?" என்றார்.

"முள்சீத்தா இலை சார். மருந்துக்கு."

"யாருக்கு?"

"எங்க அத்தானுக்கு." என்ன நோய் என்றும் சொன்னேன்.

அவர் பொட்டலத்தை மடித்து ரப்பர் பேண்டு போட்டார். மற்ற ஐந்தையும் பிரிக்கவில்லை. "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. போங்க" என்றார்.

அந்த வாசனைக்குள் வேறொரு நாள் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், மலேசியாவுக்கு முதல்முறை கிளம்பிய என்னை இதே வாசலில் வைக்கோல் ஏற்றும் வேனில் கொண்டுவந்து இறக்கியவர் அத்தான். என் அக்கா வசந்தாவின் கணவர், கலியமூர்த்தி. வழியெல்லாம் பறந்த துரும்பு என் புதுச்சட்டையில் ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "வயக்காட்டுலேர்ந்து எழுந்து வந்துட்டான்னு நினைக்கப் போறானுவ" என்றார். "அங்கேர்ந்துதானே அத்தான் வர்றேன்" என்றேன். அவர் சிரிக்காமல் காலருக்கு உள்பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். போன மாதம் போனில், "மாப்ளே, அங்க முள்சீத்தா எல கெடைக்குமாமே. காயவச்சு அஞ்சாறு பொட்டலம் கொண்டாயேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். மறுநாள் அவருடைய ஒரே மகள் தேன்மொழி பேசினாள். "மாமா, இலை வேண்டாம். நீங்க மட்டும் வாங்க." நான் இலையோடு வந்தேன்.

ஈப்போ சந்தையில் அந்த இலையை விற்ற மலாய்க்கார அம்மாள் பக்குவமும் சொல்லிக் கொடுத்தாள். ஏழு இலை, மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். "என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம் கொடுத்தேன்" என்றாள். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இறந்துவிட்டார். ஆனால் கடைசிவரை முகத்தில் தெளிவு இருந்தது" என்று சொல்லி, மிச்சக் காசை எண்ணாமல் என் கையில் வைத்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. தை முடியப்போகிறது, சம்பா அறுவடை. அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறி மாறி வந்தன. மூன்று நாளுக்கு முன் பருவம் தப்பிப் பெய்த மழையில் கதிரெல்லாம் தலை சாய்ந்து படுத்திருந்தது. சாலையின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்தது. ஓட்டுநர் அதன்மேல் ஏற்றாமல் எதிர்ப்பக்கமாகவே பத்துக் கிலோமீட்டர் ஓட்டினார். ஈப்போவில் இப்படி ஓட்டினால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே எதிரே வந்த லாரியும் கோபிக்காமல் ஒதுங்கி நின்றது. எல்லாருடைய வீட்டிலும் நெல் நனைந்திருக்கிறது.

வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர். வாசலில் நின்ற ஆளைப் பார்த்து, அத்தானுடைய அண்ணன் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அத்தானுக்கு அண்ணன் கிடையாது.

"எல கொண்டாந்தியா?" என்றார்.

"பெட்டியில இருக்கு."

"நல்லது. மொதல்ல சாப்புடு."

அக்கா எனக்கு நாகப்பட்டினத்துக் காலா மீனில் குழம்பு வைத்திருந்தாள். அவருக்குக் குழைந்த கஞ்சியும், பக்கத்தில் கரும்பச்சையாக ஒரு துவையலும். பொடுதலை. வரப்பில் பாய்போலப் படர்ந்து, குட்டிக் குட்டியாய் வெள்ளைப்பூ பூக்குமே, அது. மூலத்துக்கு அரைத்துத் தின்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அத்தானுக்கு நாலு வருஷமாக ரத்தம் போயிருக்கிறது. சூடு, மூலம் என்று பொடுதலை அரைத்தார்கள். மோர் குடித்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். ஆறு மாதத்துக்கு முன் தேன்மொழி இழுத்துக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் செய்தபோதுதான் அது மூலமே இல்லை என்று தெரிந்தது. அறுவைசிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். அவர் போகவில்லை.

"எதுக்குப் போவணும்?" என்றார் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே. "எம்பொண்ணு இதே பொடுதலயோட சாத்துல அந்தக் கிருமிய சாவடிச்சிருக்கா. நானே கண்ணாடி வழியா பாத்தேன்."

"அது கிருமி இல்லன்னு அவ எத்தன தடவ சொன்னா" என்றாள் அக்கா.

"ஏதோ ஒண்ணு. செத்துச்சா இல்லியா?"

அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். 

மறுநாள் அறுப்பு மெஷினுக்கு முறை வந்தது. ஊருக்கு ஒரே மெஷின், வெளியூர்க்காரருடையது. முறையை விட்டால் இன்னும் ஒரு வாரம். அத்தான் வரப்பில் நின்றார். சேறு இளகிக் கிடந்ததால் சங்கிலிச் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. படுத்த கதிரை மெஷின் பாதி அறுத்துப் பாதி மிதித்துக்கொண்டு போனது. காலடியில் பொடுதலை. அதைச் சுற்றி யார் யாரோ கிள்ளிக்கொண்டுபோன தடம். தேன்மொழி ஆராய்ச்சி செய்யும் இடத்துக்கு ஒருநாள் அவரைக் கூட்டிப்போய்ப் பூதக்கண்ணாடியில் காட்டினாளாம். அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று ஊரிலிருந்து வந்து கிள்ளிப்போகிறார்கள்.

"உட்காரலாமே அத்தான்."

"உட்கார முடியாது" என்றார் சாதாரணமாக. பிறகு, மெஷின் தூரத்துத் தலைமாட்டில் திரும்பும்போது, என்னைப் பார்க்காமல் பேசினார். "ஆபரேஷனுக்கு பயம்னு உங்கக்கா நெனைக்கிறா. அறுக்கறதுக்கு என்னா பயம். ஆசனவாயத் தச்சிடுவாங்களாம் மாப்ளே. வயித்துல ஓட்ட போட்டு ஒரு பை ஒட்டிடுவாங்களாம். சாவுற வரைக்கும் அதுலதான். நாலு பேரோட எப்படி ஒக்காந்து சாப்புடுவேன். இந்தச் சேத்துல எறங்கி எப்படிக் குனிவேன். கோயிலுக்குள்ள எப்படிப் போவேன். நாத்தம் வந்தா எவனும் சொல்ல மாட்டான். தள்ளித் தள்ளி நிப்பான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவகிட்ட சொல்லாத" என்றார். மெஷின் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தஞ்சாவூர். தேன்மொழி வேலை செய்யும் கட்டடத்தில் குளிர்பெட்டிகளின் முனகல் மட்டும் கேட்டது. இருபத்தெட்டு வயதில் கண்ணுக்குக் கீழே நாற்பது வயது. தாவரங்களிலிருந்து பிரிக்கிற பொருள்கள் பெருங்குடல் புற்று செல்களை என்ன செய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அப்பாவின் நோய் தெரிவதற்கு மூன்று வருஷம் முன்பே எடுத்துக்கொண்ட தலைப்பு. அதை மாற்றச் சொல்லி வழிகாட்டிப் பேராசிரியரே கேட்டாராம். மாற்றவில்லை.

ஒரு தட்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். ஒட்டிப் படர்ந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செல்கள் இருந்தன. நாற்றங்கால் மாதிரி. இன்னொரு தட்டில் பொடுதலைச் சாறு விட்டவை சுருங்கி உருண்டையாகி மிதந்தன.

"பாத்தீங்களா. அப்பா பாத்தது இதான். சாவுது. அழகாவே சாவுது."

"அப்புறம் என்ன?"

"இதுல டெட்டால் ஊத்தினாலும் சாவும் மாமா. உப்பு அள்ளிப் போட்டாலும் சாவும்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தட்டுல சாகறது சுலபம். அத வாயில போட்டா வயித்துல பாதி ஒடையும். குடல்ல கொஞ்சம்தான் ஏறும். ஏறினத ஈரல் பிரிச்சுப் போட்டுரும். நான் இங்க ஒரு சொட்டுல வைக்கிற அளவு ரத்தத்துல நிக்கணும்னா அவர் வரப்பு வரப்பா மேயணும். அப்பவும் எது செத்துச்சு, எது கெட்டுச்சுன்னு யாரு பாத்தா? எலி இருக்கு, அதுக்கப்புறம் மனுஷங்க இருக்காங்க. ஒவ்வொண்ணுத்துக்கும் வருஷம் வருஷமா ஆகும். முக்கால்வாசி நடுவுலயே நின்னு போயிரும்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"அன்னிக்கு சொல்லல. வெள்ளக் கோட்டு போட்டுவிட்டேன். கண்ணாடில பாத்துட்டு 'எம்மவ சாவடிச்சிட்டா'ன்னார். அவ்ளோ சந்தோஷமா நான் அவரப் பாத்ததே இல்ல. அப்போ அவருக்கு இருக்குன்னு தெரியாதே. ரத்தம் போறத எங்ககிட்ட சொல்லல, வெறும் மூலச்சூடுன்னுதான் சொன்னார்." தட்டை எடுத்து மூடினாள். "அப்புறம் நூறு தடவ சொல்லிட்டேன். நான் அடக்கமா பேசறேன்னு நெனைக்கிறார்."

கீழே இறங்கி வந்து காபி குடித்தோம். ஈப்போவின் வெள்ளைக் காபியைவிட இது கசப்பு, இது நேர்மை. டபராவில் ஆற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "இலையக் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"குடுக்காதீங்க. ஸ்கேனுக்கு வந்தா இலைன்னு சொல்லுங்க. டாக்டர் என்ன சொல்றாரோ அதையும் கேக்கணும்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் இப்படிச் சொல்றேன் பாருங்க. படிச்ச படிப்புக்கு."

சொன்னேன். அத்தான் என்னை நெடுநேரம் பார்த்தார். "வெளிநாட்டுக்குப் போயி யாவாரம் கத்துக்கிட்ட" என்றார். ஆனால் வந்தார். நாலாம் நாள் ஸ்கேன் முடிந்தது. சாயங்காலம் இரண்டு பொட்டலத்தைக் கொடுத்தேன். மீதி டாக்டரைப் பார்த்த பிறகு. அக்கா ஏழு இலையை எண்ணி அடுப்பில் வைத்தாள். வீடெங்கும் அந்த நனைந்த வைக்கோல் வாசம். நான் வெளியே போய் நின்றேன்.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு டாக்டர். வாடகைக் கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் சாலை மறியல். ஈரப்பதம் கூடுதல் என்று நெல்லை எடுக்க மறுத்துவிட்டார்கள். மூன்று வாரமாகக் குவித்த நெல் தார்ப்பாய்க்குக் கீழே வேகிறது. டிராக்டர்களைக் குறுக்கே போட்டு, முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அஞ்சே நிமிஷம்" என்று அத்தான் கதவைத் திறந்தார்.

"எங்க போறீங்க?"

"தல காட்டிட்டு வர்றேன். நாளைக்கு எவனும் கேக்கக்கூடாது பாரு."

கூட்டத்தில் ஒருவர், "என்ன கலியமூர்த்தி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னியே" என்றார்.

"ஆஸ்பத்திரி எங்கயும் போவாது. நெல்லு மொளைச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் துண்டை நாலாக மடித்துப் போட்டு, ஒரு பக்கத் தொடையில் மட்டும் பாரத்தை வைத்து, சாய்ந்து உட்கார்ந்தார். தாரின் சூடு அவருக்கு எங்கே ஏறும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இழுத்துவர நான் போனேன். போன நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. அரைமணியில் நான் உள்பட எழுபது பேர் கைதாகி, பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் இருந்தோம்.

டெல்டாவில் இது வழக்கம். கைது என்றால் மண்டபம், சாயங்காலம் விடுதலை, நடுவில் பொட்டலச் சோறு. மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துச் சீட்டாட ஆரம்பித்தார்கள். மேடையில் யாருடைய கல்யாணத்துக்கோ போட்ட தெர்மாகோல் மயில் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் போய், நோயாளி, டாக்டர் காத்திருக்கிறார், விடுங்கள் என்றேன். அவர் விடத் தயார். அத்தான் எழுந்திருக்கவில்லை. "எல்லாரையும் விடறப்ப நானும் வர்றேன்" என்றார். தக்காளி சாதத்தில் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கழிப்பறைக்குப் போனார். முக்கால் மணிநேரம் வரவில்லை. வாசலில் நான் நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும். வெளியே வந்தபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என் தோள்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். 

மறுநாள் போனோம். தேன்மொழி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சின்ன வயசு. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டாமல் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். ஈரல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் கறுப்பாகப் பொட்டுகள். நான் நாலு எண்ணினேன். அவர் விசையை அழுத்த அழுத்த இன்னும் வந்தன.

"ஐயா, ஈரலுக்குப் போயிருக்கு. ரெண்டு பக்கமும். இனிமே ஆபரேஷனுக்கு அவசரப்பட்டுப் பலன் இல்ல. மருந்து ஏத்துவோம். கட்டுப்படுதான்னு பாப்போம்."

தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா, "கட்டுப்படும்ங்களா" என்றாள். அத்தான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"அப்ப அந்தப் பை?"

"இப்போதைக்கு இல்லீங்க."

அவர் முகத்தில் வந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. நிம்மதி. கிளைவாய்க்காலில் கடைசி மடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லக் கேட்ட ஆளின் முகம். தேன்மொழி அதைப் பார்த்துவிட்டாள். ஆறு மாதமாக எதற்குப் பொடுதலை, எதற்கு என் பெட்டி, எதற்கு அவளுடைய தட்டு என்று அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு விளங்கிவிட்டது. "இதுக்காப்பா?" என்றாள். 

மருந்து ஏறும்வரை எந்த இலைச்சாறும் கூடாது, இரண்டையும் அந்த ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது காரில் தேன்மொழிதான் பேசினாள். "உங்களுக்கு ஏத்தப் போற மருந்துல ஒண்ணு மரத்துலேர்ந்து வந்ததுப்பா. சீனாவுல ஒரு மரம். பட்டையிலேர்ந்து பிரிச்சாங்க. அப்படியே குடுத்துப் பாத்தாங்க, ஆளுங்களுக்கு ஒத்துக்கல. விட்டுட்டாங்க. அப்புறம் வேற யாரோ எடுத்து, உருவத்த மாத்தி, அளவு கண்டுபிடிச்சு, இவ்ளோ தூரம் வந்திருக்கு."

"அப்ப செடில இருக்குன்னு நான் சொன்னது தப்பில்லியே?"

"தப்பில்லப்பா. பத்தாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாலையில் நெல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டொரு குவியலில் பச்சையாக முளை விட்டிருந்தது.

முதல் மருந்து ஏற்றும் நாள் காலை, கிளம்பிக்கொண்டிருந்தோம். என் விமானமும் அன்றுதான். டி.வி.எஸ் வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். நாகூர்ப் பக்கம், படகு வேலை. அவர் அம்மாவுக்கும் இதே இடத்தில் கட்டி. டாக்டர் ஆபரேஷன் சொல்லிவிட்டார், அம்மா மாட்டேன் என்கிறாள். "உங்ககிட்ட எல இருக்குன்னு சொன்னாங்க. மலேசியாவுலேர்ந்து வந்திருக்காமே. கொஞ்சம் குடுத்தீங்கன்னா."

பிரிக்காத நாலு பொட்டலமும் உள்ளே பீரோவின் மேல் இருந்தன. அக்கா கதவோரம் நின்றாள். அக்காவும் அத்தானும் என்னைப் பார்க்கவில்லை.

"எல இல்லீங்க" என்றார் அத்தான்.

"வரப்புல பொடுதல..."

"அதுவும் இல்ல. மெஷின் ஓடி எல்லாம் போச்சு." வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். "அம்மாவுக்கு ஈரலுக்குப் போயிடுச்சா?"

"இல்லன்னு சொன்னாங்க."

"அப்ப இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. பை வைக்கணும்னு சொல்லுவாங்க. வச்சிக்கச் சொல்லுங்க. நாத்தம் வராதாம், வந்தாலும் நீங்க தள்ளி நிக்க மாட்டீங்கன்னு அவங்க கையப் புடிச்சு சொல்லுங்க."

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வண்டியை மிதித்தார். ஏமாற்றம்தான். வேறு எங்காவது இலை தேடிப் போவாரோ என்னவோ.

மருந்து ஏற்றும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பை தொங்கியது, நிறமே இல்லாத தண்ணீர். அத்தானுக்கு நரம்பு கிடைக்க மூன்று தடவை குத்தினார்கள். வேலை செய்த கையாயிற்றே, தோல் காய்த்திருக்கிறது என்றாள் செவிலி. தேன்மொழி அவர் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொட்டு விழுவதை எண்ணுகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது. குனிந்து, ஊசி இல்லாத கையைப் பிடித்தேன். அந்தக் கையின் சூடு கூடுதலாக இருந்தது.

"கெளம்பறேன் அத்தான்."

"போயி எறங்கினதும் போன் போடு மாப்ளே. நான் எடுக்கலேன்னா திரும்பத் திரும்ப அடிச்சிக்கிட்டே இருக்காத. உங்கக்கா எடுப்பா."